ஐயா தன்ர றேடியோவை நிப்பாட்டின நாள்

இண்டைக்குச் சமைச்சுக்கொண்டு யூரியூப்பில ஒரு பேட்டி கேட்டனான்.

எங்கேயோ ஒரு நாட்டில தேர்தல் முடிவால அடிபட்ட சனத்தை, ஒரு சின்ன ஊர் வானொலி சமாதானமாக்கினதாம்.

கேட்டவுடன அப்பிடியே நிண்டுபோனன். (கறி அடிப்பிடிச்சது வேற கதை.)

எழுபதுகளின்ர தொடக்கம். ஊர்காவற்றுறைப் பக்கம் எங்கட ஊர். எனக்குக் கலியாணமாகி ஒரு வருசம்கூட இல்லை.

கிராமச் சபைத் தேர்தலில என்ர ஐயா (அப்பாதான்) நிண்டு, கொஞ்ச வாக்கால தோத்துப்போனார்.

வெண்டவருக்காக ஓடித் திரிஞ்சது ஆர்? என்ர மனுசன். (என்ர நிலைமையை யோசிச்சுப் பாருங்கோ!)

வாக்கு எண்ணினதில பிழையெண்டு ஐயா சொல்ல, ஊர் ரண்டாப் போச்சுது. சந்தியில மண்டை உடைஞ்சது. ஐயா எங்கட வீட்டு வாசலை மிதிக்கிறதையே விட்டிட்டார்.

வாசிகசாலையில ஊருக்குப் பொதுவா ஒரு றேடியோ இருந்தது, லவுட்ஸ்பீக்கரோட. அது இப்ப வெண்ட ஆக்களின்ர கையில.

ஐயா விடுவாரோ? றோட்டுக்கு இந்தப் பக்கம் தன்ர கடையில இன்னொரு றேடியோவும் லவுட்ஸ்பீக்கரும் பூட்டினார்.

அங்க செய்தி போனா, இங்க சினிமாப் பாட்டு. ஊருக்கு ஒண்டுமே விளங்காது.

ஒரு ஞாயிறு மத்தியானம் வாசிகசாலை றேடியோவில, கொழும்பிலயிருந்து வாசிக்கிற மரண அறிவித்தல் போச்சுது.

எங்கட ஊரின்ர பேர் கேட்டுது. செத்தவரின்ர பேர் ஐயாவின்ர பாட்டுக்குள்ள அமுங்கிப் போச்சுது.

பக்கத்து வளவு திரேசம்மா அக்காவின்ர மகன் அப்ப கொழும்பு ஆசுபத்திரியில, ஒப்பரேசன் செய்து கிடந்தவன்.

அவ நடு றோட்டில வந்து நிண்டா.

"ஆரெண்டு சொன்னவங்கள்? ஆராவது கேட்டனீங்களோ?"

ரண்டு பக்கமும் ஒருத்தருக்கும் கேக்கேல்லை. தந்தியடிச்சு விசாரிப்பமெண்டா, ஞாயிறெண்டு தபால் கந்தோரும் பூட்டு.

ஐயா எழும்பித் தன்ர றேடியோவை நிப்பாட்டினார்.

பிறகு றோட்டைக் கடந்து வாசிகசாலைக்குள்ள போனார். தேர்தலுக்குப் பிறகு அதுதான் முதல் தரம்.

பின்னேரம் திருப்பி வாசிப்பாங்கள், அதுவரைக்கும் இருப்பம் எண்டு அக்காவுக்கு ஒரு கதிரையை இழுத்துப் போட்டார். என்ர மனுசன் தண்ணி கொண்டந்து குடுத்தார்.

ரண்டு பக்கத்துச் சனமும் ஒவ்வொருத்தரா வந்து சுத்திவர இருந்தது.

பின்னேரம் பேர் தெளிவாக் கேட்டுது. கொழும்பில பிள்ளையளோட இருந்த எங்கட ஊர்க் கிழவர் ஒருத்தர்.

அக்கா சிரிச்சா. உடன வாயைப் பொத்திக்கொண்டு அழுதா.

"அந்த மனுசனுக்கும் அழ ஆக்கள் இருக்குமெல்லே. நான் சிரிச்சுப்போட்டன்."

அதுக்குப் பிறகு மரண அறிவித்தல் நேரத்தில ஐயா பாட்டுப் போடுறேல்லை. மெல்ல மெல்லச் செய்தி நேரத்திலயும் விட்டிட்டார்.

சமாதானம் பேச ஒருத்தரும் கூட்டம் போடேல்லை. சனம் திரும்ப ஒரே றேடியோவைக் கேக்கத் தொடங்கினது, அவ்வளவுதான்.

அடுத்த கிழமை ஐயா எங்கட வீட்டுக்கு வந்தார். தேத்தண்ணியைக் கையில வாங்கிக்கொண்டு என்ர மனுசனைப் பாத்தார்.

"ஆனாத் தம்பி, வாக்கு எண்ணினது பிழைதான்."

"ஓம் மாமா. ஆறப்போகுது, குடியுங்கோ."