ஹம்சியாவின் களைப்பு

ஹம்சியா நோன்பை விட்ட மனுசி என்று ஜனாஸா வீட்டு வாசலிலேயே சில பெண்கள் கதைத்தார்கள். அடக்கத்துக்காக மையித்தைக் குளிப்பாட்டும் முன்பே கதைத்தார்கள். அது பிழை. அந்தப் பிழையைத் திருத்தவே இதை எழுதுகிறேன். திருத்த வேண்டிய கடமை மற்றவர்களை விட எனக்கே அதிகம் உண்டு. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

செய்தி வந்தது ஒரு வியாழக்கிழமை பின்னேரம், அஸர் தொழுகைக்குப் பிறகு. ஹம்சியாவின் முன்வீட்டில் இருக்கும் ஜாரியா என் கேற்றடியில் வந்து நின்றாள். "ரீச்சர், ஹம்சியா ராத்தா எழும்புறா இல்ல" என்றாள்.

"அவ எப்ப எழும்பினா?" என்று கேட்டேன்.

"இல்ல ரீச்சர். கை குளிந்து போச்சி."

மரணச் செய்திக்கு நான் சொன்ன முதல் வார்த்தை அந்தக் கேள்விதான். கொன்வென்ட்டில் எங்களுக்குப் படிப்பித்த கன்னியாஸ்திரிகள், பேசுமுன் மூன்று வரை எண்ணு என்று சொல்லித் தந்தார்கள். எழுபத்தெட்டு வயதிலும் அது எனக்குப் பழகவில்லை.

ஹம்சியா என் கணவரின் ஒரே தங்கை. என்னை விடப் பதினான்கு வயது இளையவர். நேரில் 'நீ' என்றே கூப்பிட்டேன். எழுத்தில் 'அவர்' என்றுதான் எழுதுவேன். அந்த மரியாதையைக் கொஞ்சம் முந்தியே கொடுத்திருக்கலாம்.

அவரைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். இருபத்தைந்து வருடத்துக்கு மேல் எங்கள் ஊர்த் தபால் கந்தோரில் வேலை செய்தவர். வெளிநாட்டில் இருந்து கடிதங்கள் வந்து குவிந்த காலம் அது. "கடற்கரைப் பள்ளிக்குப் பின்னால, கைத்தறிக்கார லெப்பையின் மகளுக்கு" என்று மட்டும் விலாசம் எழுதிய கடிதம் ஒன்று வந்தது. அந்தப் பக்கத்தில் கைத்தறிக்கார லெப்பை நாலு பேர். திருப்பி அனுப்பிவிடலாம் என்று மற்றவர்கள் சொல்ல, ஹம்சியா வேலை முடிந்ததும் தானே ஸ்கூட்டியில் போய் நாலு வீட்டுப் படியும் ஏறி, நாலாவது வீட்டில் கொடுத்துவிட்டு வந்தார். விலாசம் எழுதத் தெரியாதவனுக்கு என்ன இவ்வளவு சேவகம் என்று நான் கேட்டேன். "விலாசம் பிழையில்ல மதினி. நாங்க தேடினதுதான் போதாது" என்றார்.

என் கணவர் மௌத்தாகி, விதவைக்குரிய இத்தாவில் நான் வீட்டோடு இருந்த நாலு மாதம் பத்து நாளும், ஒரு நாள் தவறாமல் வேலை முடிந்து என்னிடம் வந்தார். ஆறுதல் சொல்லமாட்டார். எனக்கு வந்த கடிதங்களைத் தருவார், நான் வாசித்து முடிக்கும் வரை இருப்பார், "வாறன் மதினி" என்று எழும்பிப் போவார். கடிதம் இல்லாத நாட்களிலும் வந்தார். "இண்டைக்கு ஒண்டுமில்ல. நாளைக்குப் பாப்பம்" என்று அதையும் ஒரு செய்தி போலச் சொல்லிவிட்டுப் போவார். வெளியே போக முடியாத அந்த நாட்களில் அந்த 'நாளைக்கு' எனக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்பதை நான் அவரிடம் சொன்னதில்லை.

அதற்கு மூன்று வருடம் கழித்து அவருக்கு ஒரு காய்ச்சல் வந்தது. ஊரில் பாதிப் பேருக்கு வந்த மூட்டுக் காய்ச்சல்தான். மற்றவர்கள் எழும்பி நடந்தார்கள். ஹம்சியாவுக்குக் காய்ச்சல் போனது, களைப்பு தங்கிவிட்டது. "களைப்பெண்டா படுத்தாப் போகணுமே மதினி. நான் நித்திரை கொண்டு எழும்பக்குள்ளயே வேளாண்மை வெட்டிட்டு வந்த ஆள் மாதிரி இரிக்கி" என்றார். தலைமுடி சீவினால் படுக்க வேண்டும். குளித்தால் படுக்க வேண்டும். முத்திரை குத்தக் கை தூக்க முடியாமல், காலத்துக்கு முந்தியே வேலையை விட்டார். ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், படம் பிடித்துப் பார்த்தார்கள், எல்லாம் சரி என்றார்கள். எல்லாம் சரி என்று எழுதிய அந்தக் காகிதம்தான் அவருடைய முதல் எதிரி. அதைக் கண்ட நாளிலிருந்து ஒருவரும் அவரை நோயாளியாகப் பார்க்கவில்லை.

கைவைத்தியத்தை நான் பொறுப்பெடுத்தேன். கோடு போட்ட தாளில் நேர அட்டவணை எழுதி அவருடைய குசினிச் சுவரில் ஒட்டினேன். காலையில் கருஞ்சீரகமும் தேனும். பத்து மணிக்கு முருங்கையிலைச் சாறு. பகலுக்கு வல்லாரைச் சம்பல். இரவு பாலில் அமுக்கராத் தூள். ஜாரியா ஓதின தண்ணீர் கொண்டு வந்தாள். இன்னொருத்தி முதுகில் கிண்ணம் வைத்து இரத்தம் எடுக்கும் ஹிஜாமாவுக்கு அழைத்துப் போனாள். எந்த மருந்தையும் ஹம்சியா மறுக்கவில்லை. ஒரு நாள் மட்டும், சாற்றுக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, "மருந்து குடிக்கிற களைப்பு வருத்தத்த விடப் பெரிசாப் போச்சி மதினி" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. பத்து மணிச் சாற்றைப் பத்தரைக்குக் குடிக்கிறார் என்பதே அப்போது எனக்குப் பெரிதாகத் தெரிந்தது.

நாவிதன்வெளியில் ஒரு தமிழ் வைத்தியர் இருந்தார். வயலும் செய்வார், நாடியும் பார்ப்பார். அவரிடமும் கூட்டிப் போனேன். அவர் நெடுநேரம் நாடி பிடித்தார். நான் ஒரு பேச்சும் பேசக்கூடாது என்று சொல்லிவிட்டு, ஹம்சியாவை மட்டும் கதைக்கவிட்டுக் கேட்டார். பிறகு சொன்னார்:

"குளத்தில தண்ணி குறைஞ்ச வருசம் நாங்க கூட்டம் வெச்சு, இந்தப் போகம் பாதிக் காணிதான் எண்டு முடிவெடுப்பம். ஆசைப்பட்டு முழுக்க விதைச்சா முழுக்கக் கருகும். உங்களுக்கு இப்ப தண்ணி குறைஞ்ச காலம் பிள்ள. பாதிய விதையுங்க."

இது எவ்வளவு காலத்துக்கு என்று கேட்டேன்.

"மழைய நானா பெய்விக்கிறன்?" என்றார்.

மருந்து கேட்கப் போனால் வேளாண்மைக் கதை சொல்கிறார் என்று திரும்பும் வழியெல்லாம் ஆட்டோவில் திட்டிக்கொண்டு வந்தேன். கல்முனைக்குக் கிட்ட வந்தபோதுதான் ஹம்சியா வாய் திறந்தார். "அந்த மனுசன் மட்டும்தான் என்னப் பொய்க்காரியாப் பாக்கல்ல மதினி."

அதன்பிறகு சில மாதங்கள் அவர் பாதியையே விதைத்தார். சமைத்த நாளில் துணி கழுவவில்லை. துணி கழுவிய நாளில் முன்வீட்டுக்கும் போகவில்லை. தன்னை 'அரைநாள் மனுசி' என்று சொல்லிக்கொண்டார். முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. அத்துடன் நான் விட்டிருக்க வேண்டும். ஆனால் முகம் தெளிந்ததைக் கண்டதும், இனி உடம்பை அசைத்தால் மீதியும் வந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். நாற்பது நாள் விடியக்காலையில், சுபஹு தொழுகைக்குப் பிறகு கடற்கரையில் நடக்க வேண்டும் என்று சொன்னேன். உடன் நடந்தேன்.

பதினோராம் நாள் தோணிகள் கரையேறும் இடத்தில் அவர் மணலில் குந்திவிட்டார். "ஏலாது மதினி."

"எழும்பு. எனக்கு எழுபது தாண்டிட்டுது, நான் நடக்கல்லையா?"

எழும்பினார். மிச்சத் தூரத்தையும் நடந்தார். அதற்குப் பிறகு இரண்டு மாதம் கட்டிலை விட்டு எழும்பவில்லை. அந்தக் கடற்கரைக் கதையை நான் இதுவரை ஒருவருக்கும் சொன்னதில்லை. அவரும் சொல்லவில்லை.

நோன்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். பட்டினியும் தாகமும் அவரை நாட்கணக்கில் வீழ்த்தியதால், பிடிக்க வேண்டாம் என்று நாவிதன்வெளி வைத்தியர் தடுத்தார். ஒரு றமழானில் என் வீட்டில் பெண்கள் நோன்பு திறக்க வந்திருந்தார்கள். பேச்சு அந்தப் பக்கம் போனபோது நான் சொன்னேன்: "களைப்பு எனக்கும்தான் இரிக்கி. அதுக்காக நோன்ப விடுறதா?" ஹம்சியா குசினியில் எங்களுக்குக் கஞ்சி வார்த்துக்கொண்டிருந்தார். எல்லாருக்கும் கொண்டுவந்து வைத்தார். எனக்குக் கடைசியாக வைத்தார். அன்று என் வாயிலிருந்து போன வார்த்தைதான் ஊர் சுற்றி, ஜனாஸா வீட்டு வாசலில் வந்து நின்றது.

இந்த வருடம் நோன்புப் பெருநாளுக்குப் பிறகு ஒரு நாள், ஆயுர்வேதக் கடையிலிருந்து புதிய தூள் ஒன்று வாங்கிக்கொண்டு அவரிடம் போனேன். எனக்காகவே காத்திருந்தவர் போலப் பேசினார். "இப்ப பாக்கிற புது டொக்டர் சொல்றார், இது சுகமாகிற வருத்தம் இல்லையாம். அப்பிடியெண்டா விட்ட நோன்புக்குப் பகரமா ஏழைக்குச் சாப்பாடு குடுத்தாக் காணும் மதினி. நீங்களும் ஓம் எண்டு சொன்னா, குடுத்துட்டு நிம்மதியா இருப்பன்."

எங்கள் மார்க்கத்தில் அது அப்படித்தான். சுகமாகும் என்ற நம்பிக்கை இருந்தால், சுகமான பின் நோயாளியே பிடிக்க வேண்டும். நம்பிக்கை இல்லையென்றால் ஏழைக்கு உணவு கொடுத்தால் போதும். அவர் என்னிடம் கேட்டது ஒரேயொரு 'ஓம்'.

"சுகமாகாது எண்டு சொல்லாத" என்றேன். "இந்தத் தூள மூணு மாசம் குடி. சுகமானதும் விட்டதெல்லாத்தையும் பிடி."

தூள் பைக்கற்றைப் பார்த்தார். "ஓம் மதினி" என்று வாங்கி வைத்தார். நான் நம்பிக்கை கொடுத்துவிட்டு வந்ததாக நினைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

அந்த வியாழக்கிழமை நான் போய்ச் சேர்ந்தபோது, ஹம்சியா குசினி மேசையில் தலை வைத்தபடி கதிரையில் இருந்தார். இருதயம் நின்றுவிட்டது என்று பின்னர் வைத்தியர் சொன்னார். அவர் கைக்கு எட்டும் இடத்தில் ஒரு கிளாஸ் தண்ணீர் மூடி வைத்திருந்தது. பக்கத்தில் சாசரால் மூடிய ஒரு பீங்கானில் மூன்று பேரீச்சம்பழம். சுவரில் என் அட்டவணை. றமழான் முடிந்தும் அவர் நோன்போடு இருந்திருக்கிறார்; திறக்க இன்னும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இருந்தது. ஆட்கள் வந்து அவரைத் தூக்கிக் கட்டிலில் கிடத்தினார்கள். நோன்பு திறக்கும் மஃரிபுப் பாங்கு சொன்னபோது நான் அந்த மேசையடியில்தான் நின்றேன். தண்ணீர் வைத்தபடியே இருந்தது.

கத்தாரில் இருக்கும் ஹம்சியாவின் மகள் நஸ்மியா மூன்றாம் நாள் வந்து சேர்ந்தாள். உம்மா விட்ட நோன்புகளைப் பற்றி மௌலவியிடம் கேட்டிருக்கிறாள். நோயோடேயே மௌத்தாகியிருந்தால் உம்மாவின் மேல் ஒன்றுமில்லை, நடுவில் சுகமாக இருந்தும் பிடிக்காமல் விட்டிருந்தால் மகள் பிடிக்கலாம் என்று அவர் சொன்னாராம். நஸ்மியா என் முன்னால் வந்து இருந்தாள்.

"மாமி, உம்மாட பக்கத்தில நீங்கதான் இருந்த. நடுவில சுகமா இருந்த காலம் இருந்ததா?"

ஒன்பது வருடம், உனக்கு ஒன்றுமில்லை என்று சொன்ன வாய் என்னுடையது. நான் பார்த்தது என் அட்டவணையை மட்டும். அவரைப் பார்க்கவில்லை.

ஹம்சியா, இனி எழும்ப வேண்டியதில்லை. படுத்திரு. நான் எழுப்பமாட்டேன்.

இதை வாசிக்கும் ஊரவர்களிடம் ஒன்று கேட்கிறேன். இந்தப் பெருநாளுக்குப் பிறகு ஹம்சியா உங்கள் வீட்டுக்கு வந்தாரா? தேநீர் வேண்டாம் என்றாரா? நடந்து வந்தாரா, வழியில் குந்திக் குந்தி வந்தாரா? அதற்கு முந்திய வருடங்களில், களைப்பில்லாத ஹம்சியாவை ஒரு கிழமையாவது தொடர்ந்து கண்டவர் உண்டா? தொலைபேசியில் சொல்ல வேண்டாம். தொலைபேசியில் எல்லாரும் எனக்குப் பிடித்ததையே சொல்கிறார்கள். மகளுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. கண்டதை மட்டும் எழுதி, இந்தச் சஞ்சிகையின் முகவரிக்கு, என் பெயருக்குக் கடிதம் அனுப்புங்கள்.