“வீட்டிலேயே பார்த்தாச்சு லா”

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கிள்ளானுக்கு வெளியே செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய காலி நிலத்தில், ரிமோட் விமானப் பைத்தியங்கள் ஏழெட்டுப் பேர் வழக்கம்போலக் கூடியிருந்தோம். எனக்கு அந்தப் பைத்தியத்தை ஒட்ட வைத்தவன் என் நண்பன். கண்டெய்னர் லோரி ஓட்டுபவன்.

கையில் பிடித்து விமானத்தை இயக்கும் என் பழைய ட்ரான்ஸ்மிட்டர் கெட்டுப்போனபோது அவன் ஒன்றுதான் சொன்னான். “நான் வச்சிருக்கிறதையே வாங்கு மச்சான். அதோட குணம் எனக்குத் தெரியும். செட் பண்ணிக் கொடுத்துடுறேன்.”

அவனுடையது பார்க்கச் சப்பையாக இருந்தது. நானோ தெலுக் பங்லிமா காராங் தொழிற்சாலையில் இயந்திரம் பழுதுபார்ப்பவன்; எனக்கே சொல்லித் தருகிறானா என்று தலைக்கனம். இரண்டு வாரம் வீடியோ பார்த்து, கலர் திரையும் கைகொள்ளாத சுவிட்சுகளும் உள்ள ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன். விமானத்துக்குள் பொருத்தும் ரிசீவரை மட்டும் ஏதோ பெயர் தெரியாத மலிவுச் சரக்காகப் பார்த்து வாங்கினேன்.

புது செட் வந்தால் எங்கள் திடலில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் விமானத்தை இறுகப் பிடித்துக்கொள்வார். மற்றவர் மோட்டாரை ஓடவிட்டு ட்ரான்ஸ்மிட்டரை அணைப்பார். மோட்டார் தானாக நிற்க வேண்டும். அப்படி செட் பண்ணாத விமானம், சிக்னல் அறுந்தால் அதே வேகத்தில் ஓடிக்கொண்டே இருக்கும்.

“ஆஃப் பண்ணிப் பார்த்துட்டியா?” என்று அன்று காலை நண்பன் கேட்டான்.

“வீட்டிலேயே பார்த்தாச்சு லா. நீ போய்ச் சாப்பிடு.”

பார்க்கவில்லை. புதுப் பொருளை நாலு பேருக்குக் காட்டும் அவசரம்.

மூன்றாவது சுற்றில் விமானம் என் கையை விட்டுப் போனது. ட்ரான்ஸ்மிட்டர் குச்சியை எப்படித் தள்ளினாலும் கேட்கவில்லை. முழு வேகத்தில் வளைந்து, நாங்கள் உட்கார்ந்து சாப்பிடும் கூடாரத்தை நோக்கி இறங்கியது. “ஓடுங்க!” என்று கத்தினேன். குனிந்து நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தவன் என் சத்தம் கேட்டுத்தான் நிமிர்ந்தான். விமானத்தின் மூக்கில் சுழலும் விசிறி அவன் இடது கண்ணில் பட்டது.

மருத்துவமனை போகும்வரை முகத்தில் துண்டை அழுத்தியபடி, “லோரி ஓட்ட முடியுமா மச்சான்?” என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டான். முடியவில்லை. கண் போனது, லோரி லைசென்சும் போனது. இப்போது ஒரு கிடங்கில் லோரிகளுக்குக் கேட் திறந்துவிடுகிறான்.

“ரேடியோ கோளாறு. அவன் என்ன பண்ணுவான், பாவம்” என்று எல்லோரிடமும் எனக்காகப் பேசியவனும் அவன்தான். நான் தலையைக் குனிந்துகொண்டேன். துக்கம் என்று நினைத்து என் முதுகைத் தட்டிக் கொடுத்தார்கள்.

இன்றும் தொழிற்சாலையில் யாராவது “செக் பண்ணியாச்சா?” என்று கேட்டால், பார்த்திருந்தாலும் எழுந்து போய் இன்னொரு தடவை பார்க்கிறேன். அவன் கண்ணுக்கு அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை என்று தெரியும். பத்திரிகையின் இந்தப் பக்கத்தை ஞாயிறுதோறும் விடாமல் படிப்பவன் அவன். மூன்று வருடமாக அவன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வராததை இங்கே எழுதுகிறேன். மச்சான், அன்றைக்கு நான் ஆஃப் பண்ணிப் பார்க்கவே இல்லை.