சூடு பார்த்த கை

சிட்லபாக்கம் வீட்டில் என் பழைய மேசை விளக்கின் ஹாலஜன் பல்பைக் கழற்றி எலக்ட்ரீஷியன் எல்.இ.டி. மாட்டினார். எரிந்துகொண்டிருந்த புதுப் பல்பை அப்பா தொட்டுப் பார்த்தார்.

"சூடே இல்லம்மா!"

அந்தக் கையைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் பள்ளியில் படித்தபோது, ஞாயிறு மாலை ஜெபக்கூட்டம் முடிந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் இதே விளக்கைத்தான் தொடுவார். சுட்டால், "மறுபடியும் கதைப் புத்தகமா?" என்று முதுகில் ஒன்று வைப்பார். ஒருமுறை ஈரத்துணியால் ஆற்றப் பார்த்தேன், பல்பு வெடித்தது. அந்தக் கருகிய தூசி நாற்றம் இன்னும் மூக்கில் இருக்கிறது.

"இனிமே எவ்ளோ நேரம் வேணா படி" என்று சிரித்தார் அப்பா.

"நீங்க வர்ற வரைக்கும் அண்ணன் பார்த்த டிவியும் சூடாத்தான்ப்பா இருந்துச்சு. அதை ஒரு நாளாவது தொட்டீங்களா?"

சுடாத பல்பிலிருந்து அப்பா வெடுக்கென்று கையை எடுத்தார்.