கறுப்பு ஸ்கூட்டிக்காரியைப் பிடிக்கப் போன கதை

நேத்து காலைல பாரிவாக்கம் ரோட்ல என்னைப் பிடிச்சுட்டாங்க.

பிள்ளை பிடிக்கிறவள்னு.

சிரிக்காதீங்க. முதல்லேர்ந்து சொல்றேன்.

இனியாவை இந்த வருஷம் எல்கேஜி சேர்த்தோம். எங்க வீடு பாரிவாக்கத்துல, ஸ்கூல் காட்டுப்பாக்கத்துல. வேன்ல அனுப்பறதுன்னு முடிவாச்சு. முடிவு பண்ணது வீட்டுக்காரர். நான் தலையை மட்டும்தான் ஆட்டினேன்.

முதல் நாள் வேன் தெருமுனை திரும்பினதுமே எனக்கு ஆரம்பிச்சுடுச்சு. கதவை ஒழுங்கா சாத்தியிருப்பாங்களா? ஜன்னல்ல கையை நீட்டுவாளா? மெட்ரோ தூண்கிட்ட லாரிங்க வேற கண்ணு மண்ணு தெரியாம வருமே?

ஸ்கூட்டியை எடுத்துட்டேன்.

ஹெல்மெட், கூலிங் கிளாஸ், முகத்தைச் சுத்தித் துப்பட்டா (வெயிலுக்குத்தான். சரி, இனியா பார்த்துடக் கூடாதுன்னும்தான்). ஸ்கூல் கேட் வரைக்கும் வேன் பின்னாடியே போனேன். அவ உள்ள நுழைஞ்சதும்தான் எனக்கு மூச்சு வந்துது.

ஒரு நாளைக்கு மட்டும்னுதான் நினைச்சேன். மூணு வாரம் ஆயிடுச்சு.

வீட்டுக்காரர்கிட்ட கீரை வாங்கப் போறேன்னு சொல்லி வெச்சிருந்தேன். சொன்னதுக்காக தினமும் ஒரு கட்டு வாங்கிட்டுதான் வரணும். முளைக்கீரை, அரைக்கீரை, சிறுகீரை, மறுபடியும் முளைக்கீரை. மனுஷன் மூணு வாரமா வாயைத் திறக்காம சாப்பிட்டார்.

முந்தாநாள் சாயங்காலம் எங்க வேன் அம்மாக்களோட வாட்ஸ்அப் குரூப்ல ஒரு மெசேஜ் வந்துது.

"மதர்ஸ், கவனம். நம்ம வேன் டிரைவர் சொன்னது. ரெண்டு வாரமா ஒரு லேடி முகத்தை மூடிக்கிட்டு கறுப்பு ஸ்கூட்டில வேனை ஃபாலோ பண்றாளாம். வயசு நாப்பது இருக்கும்."

இனியாவை இழுத்து மடில உக்கார வெச்சுக்கிட்டேன்.

இங்க ஒண்ணு தெளிவா சொல்லிடறேன். என் ஸ்கூட்டி நேவி ப்ளூ. எனக்கு வயசு இருபத்தொம்பது. அதனால அது நானா இருக்கும்னு எனக்குத் துளிகூடத் தோணல.

"போலீஸ்ல சொல்லணும்"னு குரூப்ல முதல்ல போட்டதே நான்தான். அதைப் பார்த்துட்டு ரெண்டு அம்மாங்க "நாளைக்குப் பையனை அனுப்பல"ன்னு போட்டாங்க.

எனக்கு இருந்த ஒரே குழப்பம், நானும் தினமும் பின்னாடி போறேனே, என் கண்ணுல அவ படவே இல்லயேங்கறதுதான். என் கண்ணுக்கே தப்பறான்னா எவ்ளோ கைதேர்ந்தவளா இருப்பா?

நாமே பிடிச்சுடணும்னு முடிவு பண்ணேன்.

நேத்து வழக்கத்தை விட ஒட்டியே போனேன். ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை திரும்பித் திரும்பிப் பார்த்தேன். பாரிவாக்கம் சிக்னலுக்குக் கொஞ்சம் முன்னாடி வேன் திடீர்னு ஓரங்கட்டி நின்னுச்சு. ஐயோ, வந்துட்டா போலன்னு நானும் நிறுத்தி, பின்னாடி பார்த்தேன். யாரும் இல்ல.

முன்னாடி திரும்பினா, டிரைவர் ஏழுமலை அண்ணா என் ஹேண்டில்பாரைப் பிடிச்சுட்டு நிக்கிறார். பக்கத்துல வேன் ஆயா.

"யார்மா நீ? இன்னாத்துக்கு தெனம் பின்னாடியே வந்துகினு கீற?"

"மொதல்ல சாவிய புடுங்கு ஏழுமல" - இது ஆயா.

"அண்ணா, நான் இனியா அம்மாண்ணா."

"எந்த அம்மாவா இருந்தா இன்னா, மூஞ்சக் காட்டு."

துப்பட்டா ஹெல்மெட் பக்கிள்ல மாட்டிக்கிச்சு. நிஜமான கடத்தல்காரி கூட அவ்ளோ திருதிருன்னு முழிச்சிருக்க மாட்டா. ஒருவழியா முகம் தெரிஞ்சுது.

ஏழுமலை அண்ணா ஹேண்டில்பாரை விட்டார்.

"நேத்து குரூப்புல போலீஸ்ல சொல்லணும்னு இனியா அம்மா போட்டாங்கன்னாங்களே, அது நீதானம்மா?"

"ஆமாண்ணா."

வேன் ஜன்னல்லேர்ந்து என் பொண்ணு குரல். "அம்மா தினமும் வருவாங்களே, எனக்குத் தெரியுமே."

"தெர்ஞ்சிகினே ஏன் பாப்பா சொல்லல?"ன்னு ஆயா கேட்டாங்க.

"ஒளிஞ்சு விளையாடும்போது சொன்னா அம்மா அவுட் ஆயிடுவாங்கல்ல?"

ஆயா சிரிச்சாங்க. நானும் அசடு வழிஞ்சேன். ஏழுமலை அண்ணா மட்டும் சிரிக்கல.

"யம்மா, நீ பின்னாடி இன்னா பண்றியோன்னு ரெண்டு வாரமா நான் கண்ணாடியவே பாத்துகினு வண்டி ஓட்றேன். உள்ள பதினோரு புள்ளைங்க கீது. அப்போ முன்னாடி ரோட்ட யாரு பாக்கறது, சொல்லு?"

கதவு, ஜன்னல், லாரின்னு எல்லாத்துக்கும் பயந்தேன். அந்த வேனுக்கு உண்மையிலேயே ஒரு ஆபத்து இருந்துதுன்னா அது நான்தான்.

என் மூஞ்சி போன போக்கைப் பார்த்து அவருக்கே பாவமா இருந்திருக்கும் போல.

"சரி, அழுவாத. எல்லா புள்ளையும் ஸ்கூல் உள்ள உட்டுட்டு ஒரு மிஸ்டு கால் குடுக்கறேன். எடுக்காத, திருப்பிக் கூப்டாத, பின்னாடி வராத. சரியா?"

சரின்னேன்.

வீட்டுக்கு வந்து குரூப்ல போட்டேன்: "அந்தப் பெண்மணி பிடிபட்டார். வயது இருபத்தொன்பது. ஸ்கூட்டி நேவி ப்ளூ." பையனை லீவு போட வெச்ச ரெண்டு அம்மாங்களுக்கும் தனித்தனியா போன் பண்ணி சாரி சொன்னேன். ஒருத்தங்க சிரிச்சாங்க. இன்னொருத்தங்க இன்னும் கோவமாத்தான் இருக்காங்க. நியாயம்தான்.

சாயங்காலம் வீட்டுக்காரர்கிட்ட ஒப்புக்கிட்டேன். எல்லாத்தையும் பொறுமையா கேட்டுட்டு அவர் கேட்ட ஒரே கேள்வி: "அப்ப நாளைலேர்ந்து கீரை கிடையாதா?"

அந்தக் குரல்ல இருந்த சந்தோஷத்தை எங்க கல்யாணத்தன்னிக்குக் கூட நான் கேட்டதில்ல.

இன்னிக்குக் காலைல எட்டே காலுக்கு வேன் கிளம்புச்சு. டாட்டா காட்டிட்டு வீட்டுக்குள்ள வந்தேன். ஸ்கூட்டி சாவி வீட்டுக்காரர் பாக்கெட்ல ஆபீசுக்குப் போயிடுச்சு (நானே குடுத்தேன். சரி, அவர் கேட்டார், குடுத்தேன்).

எட்டு நாப்பதுக்கு மிஸ்டு கால் வரணும். வரல.

துடைச்ச அடுப்பையே மறுபடி துடைச்சேன். போன்ல சத்தம் வெச்சிருக்கேனான்னு பார்த்தேன். அவர் நம்பரை எடுத்தேன், வெச்சேன், எடுத்தேன். கூப்பிட்டா எடுக்கறதுக்கு ஸ்டியரிங்லேர்ந்து ஒரு கையை எடுப்பாரேன்னு தோணுச்சு. போனைக் கவுத்து வெச்சுட்டேன்.

எட்டு நாப்பத்தாறுக்கு ஒரே ஒரு ரிங். கட்.

காபி டம்ளரை எடுத்துட்டு வந்து உக்காந்தேன். ஆறிப் போயிருந்துது. ஆனா மூணு வாரத்துல முதல் தடவையா உக்காந்து குடிச்சேன்.

இனியா திரும்பி வர மதியம் ஆயிடும். அதுவரைக்கும் இவ்ளோ நேரம் இருக்குன்னே எனக்கு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது.

மத்த அம்மாங்கல்லாம் இந்த நேரத்துல என்ன பண்ணுவீங்க? நான் புதுசு, ஐடியா குடுங்க.

(கீரை ஆயறதைத் தவிர.)