உம்மாவின் இடுப்பும் என் டைட்டேனியப் பொடியும்

ஜேர்மனியில் ஞாயிற்றுக்கிழமை வெறும் போத்தலைக் கொண்டுபோய்க் கண்ணாடித் தொட்டியில் போடக்கூடாது. அந்தச் சத்தம் அயலவரின் ஓய்வைக் கெடுக்குமாம். தெரியாமல் ஒருமுறை போட்டேன். மேல்மாடி ஜன்னலிலிருந்து ஒரு கிழவர் என்னைக் கொலைகாரியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். அதே ஞாயிறு, பல்கலைக்கழக நிலவறையில் உருக்குக் கலத்துக்குள் உருக்குக் குண்டுகளைப் போட்டு நாள் முழுக்கக் கடகடவென்று சுழற்றினேன். அதற்கு ஒருவரும் வாய் திறக்கவில்லை. அதற்குப் பெயர் ஆராய்ச்சி.

டைட்டேனியம், நையோபியம், சேர்கோனியம் என்ற மூன்று உலோகப் பொடிகளை உருக்காமல், அடித்தடித்தே ஒன்றாக்குவதுதான் என் வேலை. குண்டுகளுக்கிடையில் அகப்பட்ட துகள்கள் நசுங்கி, ஒட்டி, உடைந்து, மறுபடி ஒட்டி, கடைசியில் எது எதுவென்று பிரிக்க முடியாத கலப்புலோகமாகிவிடும். உடம்புக்குள் வைக்கும் உலோகம் எலும்பைவிட மிக விறைப்பாக இருந்தால் பாரத்தையெல்லாம் அதுவே சுமந்துவிடும். வேலையில்லாத எலும்பு மெலிந்துபோகும். எலும்போடு கொஞ்சம் வளைந்துகொடுக்கும் உலோகத்தைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

இப்படியிருக்க, இலங்கையில், எங்கள் ஊர் கல்முனையில் உம்மா ஓட்டோவிலிருந்து இறங்கும்போது விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். என் அண்ணன், காக்கா, போன் எடுத்தார். "டைட்டேனியம் மூட்டுப் போடணும் எண்டு டொக்டர் சொல்றாரு. படுத்தே கிடந்தா உசிருக்கே ஆபத்தாம். உம்மா ஏலா எண்டு பிடிவாதமா நிக்கிறா. நீதானே அந்தச் சாமான் செய்யிற, நீயே கதை."

போன் கைமாறியது. வலியிலும் உம்மாவின் குரல் இறங்கவில்லை.

"அத எப்பிடிச் செய்யிற, மகள்?"

விளக்கினேன்.

"மாவரைக்கிற மாதிரித்தான். சட்டியில ஒட்டாதா?"

"ஒட்டும் உம்மா. ஒட்டாம இரிக்கக் கொஞ்சம் கொழுப்புப் போடுவம்."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தேன்.

"என்ன கொழுப்பு?"

எனக்குத் தெரியவில்லை. கேட்டுச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன். நாங்கள் போடுவது ஸ்டீரிக் அமிலம். மெழுகு போன்ற வெள்ளைத் தூள். அதன் பூர்வீகத்தை நான் விசாரித்ததே இல்லை. ஆய்வுகூடப் பொறுப்பாளர் மத்தியாஸிடம் போனேன். நல்ல மனிதர், ஆனால் எந்தக் கேள்வியையும் அப்படியே நேராக எடுத்துக்கொள்பவர்.

"இது பன்றியிலிருந்து எடுத்ததா?"

"இருக்கலாம். மாடாகவும் இருக்கலாம், பாம் எண்ணெயாகவும் இருக்கலாம். ஏன்?"

"என் தாய் கேட்கிறார்."

அமிலப் போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உங்கள் தாய் இதைச் சாப்பிடப் போகிறாரா?"

"இல்லை, இடுப்புக்குள் வைக்கப் போகிறார்."

என் ஜேர்மன் மொழி எப்போதும் இப்படித்தான், தேவையான இடத்தில் காலை வாரிவிடும். மறுநாள் அந்தப் போத்தலில் புதிதாக ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது: 'உண்ணவும் கூடாது, உடலுக்குள் வைக்கவும் கூடாது.'

அன்று மனம் ஒரு நிலையில் இல்லை. கலத்தை அவசரமாகத் திறந்துவிட்டேன். காற்றுப் பட்டதும் பொடி சிவந்து பொறி பறந்தது. மத்தியாஸ் மணலை அள்ளிக் கொட்டி அணைத்தார். திட்டவில்லை. "வீட்டுக்குப் போங்கள்" என்றார். "தாயின் ஒப்பரேஷன் முடியட்டும், லீவு எடுத்துப் போகிறேன்" என்றேன். அவர் விழித்தார். அவர் சொன்னது, நான்கு பஸ் தரிப்புகள் தள்ளியிருந்த என் வாடகை அறையை.

அந்த அறையிலிருந்தே உம்மாவுக்கு எடுத்தேன். "உம்மா, ஒங்களுக்குப் போடப்போறது நான் செஞ்சது இல்ல. அது பெரிய கம்பனி உருக்கிச் செய்யிறது. என்ட பொடிய இன்னும் ஒரு எலிக்கும் வெச்சுப் பாக்கல்ல."

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அழுகிறாரோ என்று பயந்துபோனேன்.

"அத முதல்லயே சொல்லியிரிக்கலாமே! நீ செஞ்சது எண்டுதான் நான் பயந்து கிடக்கன். நீ சுட்ட ரொட்டியத் திண்டவள்தானே நான்! காக்காட்டச் சொல்லு, டொக்டர வரச் சொல்லட்டும்."

ஒப்பரேஷன் நன்றாக முடிந்தது. மூன்று மாதம் கழித்து நான் ஊருக்குப் போனபோது உம்மா ஒரு கைத்தடியோடு சந்தை வரைக்கும் போய், மீன்காரனோடு சண்டை பிடித்துவிட்டு வந்தார். நான் திரும்பும் நாளில், வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் கட்டுநாயக்க வரை வந்தார். விமான நிலைய வாசலில் இருந்த உலோகச் சோதனைச் சட்டகத்தை உம்மா கடந்ததும் அது அலறியது. காவலுக்கு நின்ற பெண் உம்மாவை ஓரமாக நிறுத்தினாள். உம்மா கொஞ்சமும் பதறவில்லை. இடுப்பைத் தட்டிக் காட்டி, தனக்குத் தெரிந்த சிங்களத்தில், "மகே துவ ஹெதுவே" என்றார். என் மகள் செய்தது என்று அர்த்தம்.

மறுக்க வாயெடுத்தேன். அந்தப் பெண் என்னை மரியாதையோடு பார்த்ததில் வாய் தானாக மூடிக்கொண்டது.

ஸலாம் சொல்லிப் பிரிந்து உள்ளே போனேன். அங்கேயும் ஒரு சோதனைச் சட்டகம் இருந்தது. நான் கடந்தபோது அது மூச்சும் விடவில்லை. கண்ணாடிக்கு அப்பால் உம்மா இன்னும் நின்றிருந்தார். யாரோ முன்பின் தெரியாத ஒருவருக்கு இடுப்பைக் காட்டி, பிறகு விரலை என் பக்கம் நீட்டி, ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குக் கேட்கவில்லை.