நண்பகல் இடுக்கு

ஒவ்வொரு பற்றவைப்பு முடிந்ததும் அக்கா முகமூடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, வலது கையுறையைப் பல்லால் கடித்துக் கழற்றுவாள். புறங்கையை இரும்புக்கு ஒரு விரற்கடை தள்ளி நிறுத்துவாள். உள்ளங்கையை நீட்டவே மாட்டாள். சூடு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று புறங்கைதான் சொல்லுமாம். அதுவரை யார் கூப்பிட்டாலும் காதில் விழாது.

பதினான்கு வருடம் ஜன்னல் கம்பியும் கேட்டும் பற்றவைத்தவள். பூங்காவுக்கான இந்தச் சிற்பம்தான் தலைமை வெல்டராக அவளுக்கு முதல் வேலை. ஒரே அடித்தகட்டின் மேல் மூன்று ஆள் உயரத்தில் இரண்டு இரும்புப் பலகைகள், நடுவே ஒரு விரல் இடுக்கு. சூரியன் உச்சிக்கு வரும் நேரத்தில் மட்டும் வெயில் அதில் புகுந்து தரையில் கோடாக விழ வேண்டும். வேடிக்கை பார்க்க வந்தவர்கள், "கதவு வந்துடுச்சு, வீடு எப்ப வரும்?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

திறப்புக்கு இரண்டு நாள் முன்பு, கோடு ஏழு நிமிடம் பிந்தி விழுந்தது. மேஸ்திரி திசைகாட்டியை அந்தப் பலகைமேலேயே ஒட்டி வைத்துத் திசை பார்த்திருக்கிறார். இரும்பு முள்ளை இழுத்துவிட்டது.

"ஏழு நிமிஷத்த யாரும்மா பாக்கப் போறா?" என்றார்.

"சூரியன் பாக்கும்ண்ணே."

அங்கே வரைபடம் போடுபவன் நான். முதலாளி அவளுக்குக் கேட்கும்படி என்னிடம் சொன்னார்: "உங்க அக்காகிட்ட சொல்லு தம்பி. நாளைக்குள்ள சரியாகலன்னா மறுபடியும் ஜன்னல் கம்பிதான்."

மிச்சம் இருந்தது ஒரே ஒரு நண்பகல்.

மறுநாள் கிரேன் வந்தது. நட்டுகளைத் தளர்த்தி, சிற்பத்தை நூலளவு தூக்கி, அடித்தகட்டைக் கடப்பாரையால் நெம்பித் திருப்ப வேண்டும். இதை வடிவமைத்த சிற்பி, சூரியன் உச்சிக்கு வருவதாகக் கணித்துக் கொடுத்த நேரம் பன்னிரண்டு பதினெட்டு. பன்னிரண்டு பத்துக்கு ஒரு மேகம் வந்து சூரியனை மூடியது.

"டேய், மேகம் விலகினா உன் நிழல் கோட்டுல விழும். சுத்திக் கட்டியிருக்கிற கயித்துக்கு அந்தப் பக்கம் போ. மேஸ்திரியண்ணே, நீங்களும்."

"உச்சி வெயில்ல எனக்கு ஏதும்மா நிழலு?"

"உங்க தொப்பைக்குத் தனியா இருக்கு. போங்க."

சிரித்துக்கொண்டே விலகினோம். அவள் மட்டும் கடப்பாரையோடு பலகைகளின் அடியில் மண்டியிட்டாள். கிரேனின் கம்பிவடம் விறைத்தது. இரும்பு எங்கோ உள்ளே முனகியது.

"பதினாறு!" என்று கத்தினேன். மேகம் நகரவில்லை. அவள் கடப்பாரையால் கொஞ்சம் கொஞ்சமாக நெம்பினாள். வடம் ஒருமுறை வெட்டி இழுத்தது. பலகைகள் அவள் தலைக்கு மேல் அசைந்து நின்றன. மேஸ்திரி என் தோளை இறுக்கிப் பிடித்தார்.

"பதினேழு!"

மேகத்தின் ஓரம் கிழிந்தது. தரையில் நூல் போல ஒரு வெளிச்சம். அவள் இன்னொரு நெம்பு நெம்பினாள். நூல் அகன்று ஒரு விரல் பருமனானது. "பதினெட்டு!" என்றேன். அவளே நான்கு மூலைக்கும் ஊர்ந்துபோய் நட்டுகளை முறுக்கினாள்.

திறப்பு நாளில் கோடு நேரத்துக்கு விழுந்தது. ஜன்னல் கம்பிக்கு அவள் திரும்பவே இல்லை.

ஐந்து மாதம் கழித்து வேறொரு வேலையிடத்தில் அந்தக் கிரேன் ஓட்டுநரைப் பார்த்தேன். அன்று காலையிலிருந்தே, தூக்கிய பாரத்தைத் தாங்கிப் பிடிக்கும் பிரேக் வழுக்கிக்கொண்டிருந்ததாம். மாற்று வண்டி கிடைக்கவில்லை. பதினொரு மணிக்கே அக்காவிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். "அப்ப நான் ஒருத்தி போதும்ண்ணே, மத்தவங்களத் தள்ளி நிக்க வெச்சிடறேன்" என்றாளாம்.