ஆலனில் ஒரு வாழைத்தார்

டெக்சாஸ் மாநிலத்து ஆலனில், கோபாலசாமி வீட்டுப் பின்பக்கத் தோட்டத்தில், 2020 செப்டம்பர் கடைசியில் ஒரு வாழை தார் விட்டது. அவருடைய மனைவி புஷ்பவல்லி அதை முதலில் பார்த்தாள். உள்ளே ஓடிவந்து, மீட்டிங்கில் இருந்த கணவரின் ஹெட்ஃபோனை ஒரு பக்கம் விலக்கிச் சொன்னாள். அவர் மைக்கை அணைத்துவிட்டு வெளியே வந்து பார்த்தார். ஆறு வருட முயற்சி அது.

புஷ்பவல்லி கோபிச்செட்டிபாளையத்துக்காரி. அங்கே ஒரு தனியார் பள்ளியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குத் தாவரவியல் நடத்தியவள். 2000இல் கணவரோடும் நான்கு வயது மகள் வான்மதியோடும் அமெரிக்கா வந்தாள். அவளுக்குக் கிடைத்த விசாவில் வேலை பார்க்க அனுமதி இல்லை. பதினோரு வருடம் வீட்டில் இருந்தாள். கிரீன் கார்டு வந்தபோது அவளுக்கு வயது நாற்பத்து நான்கு. பழைய பட்டத்தை யாரும் பொருட்படுத்தவில்லை. ஒரு டேகேரில் வாரம் மூன்று நாள் குழந்தைகளைத் தூங்க வைக்கும் வேலைதான் அமைந்தது.

ஹூஸ்டனில் இருந்த ஒரு தெரிந்தவர் வீட்டிலிருந்து அவள் வாழைக்கன்று கொண்டுவந்தது 2014இல். டல்லாஸ் பக்கம் வாழை காய்க்காது என்று எல்லாரும் சொன்னார்கள். ஏன் காய்க்காது என்பது அவர்களைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். முதல் உறைபனியில் இலை கருகும். குளிர் இன்னும் இறங்கினால் தண்டு கூழாகிவிடும். மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு மட்டும் பிழைத்து, ஏப்ரலில் புதிதாக முளைவிடும். நவம்பருக்குள் அது ஆள் உயரத்தைத் தாண்டி வளரும், பிறகு மறுபடி கருகும். தார் விட வேண்டுமானால் அதே தண்டு ஒரு குளிர்காலத்தைத் தாண்டியாக வேண்டும். அதனால் அவள் வருடா வருடம் தண்டைச் சுற்றிக் கம்பிவலை கட்டி, உள்ளே காய்ந்த ஓக் இலைகளை அடைத்தாள். ஒரு வருடம் ஈரத்தில் அழுகிப்போனது. ஒரு வருடம் எலி கூடு கட்டிக் குருத்தைத் தின்றது. மற்ற வருடங்களில் குளிரே கொன்றது. 2019இன் குளிர்காலம் லேசாகப் போனதால் ஒரு தண்டு தப்பியது. அதுதான் இப்போது தார் விட்டிருந்தது.

செப்டம்பர் கடைசி என்பது ரொம்பத் தாமதம். காய் திரள மார்ச் ஆகிவிடும். நவம்பரில் கோபாலசாமி ஏணி வைத்து ஏறி, தண்டுக்கும் தாருக்கும் கம்ஃபர்ட்டர் என்கிற பழைய பஞ்சுப் போர்வையைச் சுற்றி, அதற்கு மேல் தார்ப்பாயைக் கட்டினார். உள்ளே, தொட்டால் சுடும் பழைய ரக கிறிஸ்துமஸ் விளக்குச் சரத்தைச் சுற்றி, கராஜிலிருந்து வயர் இழுத்தார். அவருக்கு வாழையில் பெரிய ஈடுபாடு கிடையாது. சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் இருந்தார், ஐம்பத்தொன்பது வயது, முழங்கால் வலி. அவள் கேட்டாள் என்பதற்காகச் செய்தார். சனிக்கிழமைதோறும் ஒரு பக்கம் பிரித்து இருவரும் காய்களைப் பார்ப்பார்கள்.

2021 பிப்ரவரி பதினான்காம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, பனி கொட்டியது. திங்கட்கிழமை காலை எழுந்தபோது வீட்டில் கரண்ட் இல்லை, ஊரிலேயே பாதி வீடுகளில் இல்லை. வெளியே ஐந்து டிகிரி. பாரன்ஹீட் கணக்கில் அது உறைநிலைக்கும் வெகு கீழே. புஷ்பவல்லி சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். தார்ப்பாய்க்குள் தெரிகிற மங்கிய வெளிச்சம் இல்லை.

கேஸ் அடுப்பைத் தீப்பெட்டியால் பற்ற வைத்தாள். தண்ணீரைக் கொதிக்க வைத்து, காலி பால் கேன்களில் ஊற்றித் தார்ப்பாய்க்குள் வைத்தால், கரண்ட் வரும்வரை தாக்குப்பிடிக்கும் என்பது அவள் யோசனை. கோபாலசாமி ஜன்னலைப் பார்த்தார்.

"வழுக்கும் புஷ்பா. போனாப் போவுது, உடு."

"மூணு வாரந்தானுங்க. அதுக்குள்ள முத்திரும். ஆறு வருசம் பாத்திருக்கறேன்."

அவர் ஷூ போட்டுக்கொண்டார்.

நான்கு கேன்களைக் கொண்டுபோய் வைத்தார். போகும்போது மூடி சரியில்லாத ஒரு கேனிலிருந்து பின்வாசல் படியில் தண்ணீர் சிந்தியது. இரண்டு மணி நேரம் கழித்துக் கேன்களை மாற்றலாம் என்று அவள் மறுபடி தண்ணீர் காய்ச்சிக் கொடுத்தாள். சிந்திய தண்ணீர் அதற்குள் கண்ணாடி மாதிரி உறைந்திருந்தது. முதல் அடியிலேயே அவர் சரிந்து விழுந்தார். சத்தம் கேட்டு அவள் வெளியே வந்தபோது அவருடைய வலது கால் கூடாத பக்கமாகத் திரும்பிக் கிடந்தது.

ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தாள். சாலையெல்லாம் ஐஸ், வர நேரமாகும் என்றார்கள். அவரைத் தூக்க அவளால் முடியவில்லை. பத்து நிமிடத்தில் அவருடைய உதடு நிறம் மாறியது. அவள் வாழையிடம் ஓடி, தார்ப்பாயைக் கத்தியால் கிழித்து, கம்ஃபர்ட்டரை உருவிக்கொண்டு வந்தாள். அதை அவருக்கு அடியில் கொடுத்து, இரண்டு முனைகளையும் கையில் சுற்றிக்கொண்டு, படி மேலே இழுத்தாள். கல்யாணமாகி இருபத்தெட்டு வருடத்தில் அவர் அப்படி அலறி அவள் கேட்டதில்லை.

ஐம்பது நிமிடம் கழித்து ஆட்கள் வந்தார்கள். எப்படி விழுந்தீர்கள் என்று கேட்டார்கள். செடியைப் பார்க்கப் போனேன், மனைவி வேண்டாம் என்றுதான் சொன்னாள் என்று அவர் இங்கிலீஷில் சொன்னார். வலியில் உளறுகிறார் என்று அவள் நினைத்தாள்.

இடுப்பெலும்பு முறிந்திருந்தது. கொரோனா காலம், ஆஸ்பத்திரியில் கூட ஒருவர்தான் இருக்கலாம். மறுநாள், கலிபோர்னியாவில் சான்டா கிளாராவில் இருக்கும் மகள் வான்மதி வீடியோவில் அழைத்தபோது அவர் அதையே இன்னும் தெளிவாகச் சொன்னார். அம்மா தடுத்தாள், நான்தான் கேட்கவில்லை என்றார். மகள் அவரைத் திட்டித் தீர்த்தாள். போனை வைத்ததும் புஷ்பவல்லி கேட்டாள்.

"எதுக்குங்க அப்படிச் சொன்னீங்க?"

"அவ கோவம் உனக்குத் தெரியாதா? நீ அனுப்புனேன்னு தெரிஞ்சா உன்ன உடமாட்டா. எங்கிட்டன்னா ரெண்டு நாளைக்கு மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவா. அப்பறம் சரியாயிருவா."

புதன்கிழமை ஆபரேஷன் நடந்தது. சனிக்கிழமை வாக்கரைப் பிடித்து நான்கு அடி நடந்தார். அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை மதியம், இரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போய், பேசிக்கொண்டிருக்கும்போதே மூச்சு முட்டி இறந்துபோனார். வான்மதியின் விமானம் அன்று சாயங்காலம்தான் வந்து சேர்ந்தது.

இறுதிச் சடங்குக்குப் பத்துப் பேரைத்தான் அனுமதித்தார்கள். மற்றவர்கள் லேப்டாப் திரையில் கட்டம் கட்டமாக இருந்தார்கள். எல்லாரும் புஷ்பவல்லிக்காகப் பரிதாபப்பட்டார்கள். ஆன்ட்டி அத்தனை சொல்லியும் அங்கிள் கேட்காமல் போய்விட்டார் என்றார்கள். வான்மதி அழவில்லை. அப்பாவை நினைத்தால் ஆத்திரம்தான் வருகிறது என்றாள். அப்போதே சொல்லிவிட வேண்டும் என்று புஷ்பவல்லிக்கு வாய் வரை வந்தது. சொல்லவில்லை. மறுநாள் சொல்லலாம் என்று நினைத்தாள். நாள் போகப் போக, முன்பே ஏன் சொல்லவில்லை என்ற கேள்விக்கும் பதில் தேவைப்பட்டது.

தாரை அவள் மார்ச்சில்தான் வெட்டினாள். காய்கள் கறுத்து, பிசுபிசுவென்று ஒழுகிக்கொண்டிருந்தன. தண்டு கை பட்டதும் மடங்கி விழுந்தது. அந்த வருடம் ஆலனில் வாழை வைத்திருந்த பலருக்குக் கிழங்கே அழுகிப்போயிற்று. இவளுடையதில் மே மாதம் மூன்று முளை வந்தது. அதற்குப் பிறகு எந்தக் குளிர்காலத்திலும் அவள் எதையும் மூடவில்லை.

அடுத்த இரண்டு வருடமும் வான்மதி அப்பாவின் திதிக்கு வரவில்லை. 2023 நவம்பரில், தேங்க்ஸ்கிவிங் விடுமுறைக்கு, தான் கட்டிக்கொள்ளப்போகும் நவநீத்தை அழைத்துக்கொண்டு வந்தாள். சாப்பாட்டு மேசையில் அவன் மரியாதைக்கு அப்பாவைப் பற்றி விசாரித்தான். வான்மதி சிரித்தபடியே, "ஹி டைடு ஃபார் எ பனானா ட்ரீ," என்றாள்.

புஷ்பவல்லி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நாந்தான் போகச் சொன்னேன். அவரு வேண்டாம்னுதான் சொன்னாரு. தண்ணி காய்ச்சிக் குடுத்ததும் நாந்தான்."

நவநீத்துக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. வான்மதி அம்மா பக்கம் திரும்பினாள். ஆஸ்பத்திரியில் அப்பா ஏன் அப்படிச் சொன்னார் என்று கேட்டாள். புஷ்பவல்லி அதையும் சொன்னாள், இரண்டு நாள் கோபம் என்று அவர் சொன்னது உட்பட.

"யூ லெட் மீ ஹேட் ஹிம், அம்மா," என்றாள் வான்மதி. குரல் உயரவில்லை.

மறுநாள் காலையிலேயே இருவரும் டிக்கெட்டை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். ஏழு மாதம் போன் இல்லை. கல்யாணம் அடுத்த வருடம் சான்டா கிளாராவில் நடந்தது. அழைப்பு வந்தது, புஷ்பவல்லி போனாள், மேடையில் நின்று ஆசீர்வதித்துவிட்டு மறுநாள் திரும்பினாள். கல்யாணத்துக்கு முந்தைய பிப்ரவரியில் வான்மதி தன் வீட்டிலேயே அப்பாவுக்குப் படையல் போட்டாள் என்பதை அங்கே நவநீத்தின் அம்மா பேச்சுவாக்கில் சொல்லித்தான் அவள் தெரிந்துகொண்டாள்.

அந்த வருட இறுதியில் அவள் ஆலன் வீட்டை விற்றுவிட்டு, பிளானோவில் மூன்றாவது மாடியில் ஒரு படுக்கையறை அப்பார்ட்மெண்டுக்குப் போனாள். டேகேர் வேலை தொடர்கிறது. வான்மதி இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அழைக்கிறாள். பிரஷர் மாத்திரை போட்டாயா என்று கேட்கிறாள், வெயில் எப்படி என்று கேட்கிறாள். எங்களோடு வந்து இரு என்று அவள் கூப்பிட்டதில்லை. புஷ்பவல்லியும் கேட்டதில்லை.